இராமச்சந்திரன் வரைபடம்

புரதச் சங்கிலி எவ்வாறெல்லாம் மடியலாம், எவ்வாறு மடிய இயலாது என்பதைக் காட்டும் வரைபடம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் ஜி. என். இராமச்சந்திரன் (1922–2001), சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோர் உருவாக்கி 1963இல் வெளியிட்டனர். புரத அமைப்புகளின் தரத்தை அளக்கும் புள்ளியியல் அளவுகோலாக இன்று உலகெங்கும் பயன்படுகிறது.

தோற்றம்: சி. வி. இராமனின் மாணவரான இராமச்சந்திரன் 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைவரானார். தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றில் நிறைந்துள்ள கொலாஜன் புரதத்தை ஊடுகதிர் கொண்டு ஆராய்ந்தார். அதற்கான மாதிரிகள் அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கிடைத்தன. கொலாஜன் மூன்று இழைகளால் ஆனது என்ற கருத்தை 1954இல் கோபிநாத் கர்த்தாவுடன் வெளியிட்டு, மறு ஆண்டே அதைத் திருத்தி, முறுக்கிய மூவிழைச் சுருளாக வடித்தார். அதில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருப்பதாகக் கூறி பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் மறுத்தனர். அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம் என்ற கேள்வியை இராமச்சந்திரன் குழு கையில் எடுத்தது. அதுவரை அறியப்பட்ட படிகங்களிலிருந்து அணுவிடைத் தொலைவுகளைத் திரட்டிக் குறைந்தபட்ச எல்லைகளை வகுத்தது.

அமைப்பு: ஒவ்வொரு அமினோ அமிலத்திலும் ஃபை, சை என்னும் இரு திருகுகோணங்கள் உண்டு. இரண்டும் –180 முதல் +180 பாகை வரை மாறலாம். அணுக்கள் மோதிக்கொள்ளும் கோணச் சேர்க்கைகளை விலக்கினால், இவ்விரு கோணங்களை அச்சுகளாகக் கொண்ட கட்டத்தின் சிறு பகுதியே எஞ்சுகிறது. ஆல்ஃபா சுருளும் பீட்டா தகடும் அப்பகுதியிலேயே அமைகின்றன. பக்கச்சங்கிலி இல்லாத கிளைசினுக்கு இடம் விரிகிறது. வளையம் கொண்ட புரோலினுக்குச் சுருங்குகிறது. அன்று அணு விவரத்துடன் தெரிந்த புரதம் மயோகுளோபின் ஒன்றே. எனவே தரவு பெருகும் முன்பே வடிவியலால் கண்ட விதி இது.

புள்ளியியல் வளர்ச்சி: புரதத் தரவு வங்கி 1971இல் தொடங்கியபின் அவ்விதியைத் தரவு கொண்டு சோதிக்க முடிந்தது. 1993இல் வந்த ‘புரோசெக்’ மென்பொருள், அறியப்பட்ட புரதங்களில் கோணங்கள் குவியும் அடர்த்தியை வைத்து எல்லைகளை வகுத்தது. 2003இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் குழு 500 துல்லியமான அமைப்புகளைத் தேர்ந்து, ஐயத்துக்குரிய பகுதிகளை நீக்கி, அடர்த்திக் கோடுகளை வரைந்தது. பொதுவான அமினோ அமிலங்களில் 98 விழுக்காட்டை உள்ளடக்கும் கோடு ‘விரும்பத்தக்க’ பகுதியையும், 99.95 விழுக்காட்டை உள்ளடக்கும் கோடு ஏற்கத்தக்க எல்லையையும் குறிக்கின்றன. எல்லைக்கு வெளியே விழும் புள்ளி பிழையாகவே இருக்க வேண்டியதில்லை. வினைமையங்களில் அரிதாக உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அத்தகைய புள்ளிகள் பலவாயின் அமைப்பை மீண்டும் ஆராய வேண்டும்.

பயன்: தரவு வங்கியில் இப்போது இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் உள்ளன. மின்னணு நுண்ணோக்கியில் கண்டவையும் செயற்கை நுண்ணறிவு கணித்தவையும் இவ்வரைபடத்தால் சோதிக்கப்படுகின்றன. மரபணு மாற்றம் ஒன்று கிளைசினை வேறு அமினோ அமிலமாக்கும்போது புரதம் ஏன் சிதைகிறது என்பதை விளக்கவும் இது உதவுகிறது. விடுதலை பெற்ற இந்தியாவின் பல்கலைக்கழகம் ஒன்று உலக உயிரியலுக்கு அளித்த மிகச் சிறந்த கொடைகளுள் இது ஒன்று.