விதை விட்ட கை

விவசாயக் கருவிகளின் வரலாற்றைப் படிக்கும்போது நாம் ஒரு கேள்வி கேட்கப் பழக வேண்டும்: கருவியைப் பிடித்த கை யாருடையது?

விதைப்புக் கருவியை 1701இல் ஜெத்ரோ டல் கண்டுபிடித்தார் என்று படித்திருக்கிறோம். ஏன் செய்தார்? இங்கிலாந்தில் தம் பண்ணையில் சால்களில் அளவாக விதை போடச் சொன்னார், கூலியாட்கள் மறுத்தார்கள். அவர்கள் கையை நம்பாமல் விதைக்கப் பொறி செய்தார். 1731இல் வந்த தம் நூலில் அவரே இதை எழுதியிருக்கிறார். மறுத்தவர்கள் தரப்பைச் சொல்ல ஒரு நூலும் இல்லை.

1795இல் கேப்டன் ஹால்காட் தென்னிந்திய வயலொன்றில் விதைப்புக் கலப்பையைக் கண்டு வியந்தார். ஐரோப்பியர் கண்டுபிடித்தது என்று அவர் எண்ணியிருந்த கருவி இங்கே நெடுங்காலமாகப் புழங்கியது. இவ்வகைக் கருவியைத் தெலுங்கில் கொர்ரு என்பார்கள். மேலே மரக்கிண்ணம், அதிலிருந்து கொழுக்களுக்கு இறங்கும் மூங்கில் குழாய்கள். ஒருவர் மாடு ஓட்ட, பின்னால் நடந்தபடி கிண்ணத்தில் விதை விடுபவர் பெரும்பாலும் பெண். பிடி தளர்ந்தால் விதை கொட்டிவிடும். இறுகினால் சால் வெறுமையாகும். குழாயில் மண் அடைத்தால் அவள்தான் கவனிக்க வேண்டும். அளவு அவள் விரல்களில் இருந்தது.

தரம்பால் 1971இல் தொகுத்த நூலில் ஹால்காட்டின் குறிப்பு இருக்கிறது. முன்னோர் அறிவியலுக்குச் சான்றாக அதைக் காட்டுகிறார்கள். பெருமை சரிதான். ஆனால் நிலமில்லாமல் கூலிக்கு விதை விட்டவள் அந்த முன்னோரில் ஒருத்தியா? டல்லின் ஆட்களைப் போல அவளுக்கும் வரலாற்றில் பெயரில்லை.

விதை விட்ட மூத்த பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். போய்க் கேட்டு எழுதுவோம்.