மணலில் எழுதிய பாடம்

விசயதசமியன்று ஏடு தொடக்குகையில் குழந்தையின் சுட்டுவிரலைப் பிடித்து அரிசியிலே அகரம் எழுதுவிப்பது நம்மிடையே இன்றும் உள்ள வழக்கம். முன்னாளில் அந்த விரல் அரிசியிலிருந்து மணலுக்குப் போகும். திண்ணைப் பள்ளிக்கூடத்திற்கு மணலே பலகை, மணலே கொப்பி. பேசாலையிலே மணலுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் அம்மணலெழுத்து இங்கிலாந்துவரை சென்ற கதையை நம் இளைஞருள் அறிந்தோர் சிலரே.

அன்ட்ரூ பெல் என்னும் ஸ்கொத்லாந்துக் குருவானவர் 1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரிலே, படைவீரரின் அநாதைச் சிறுவர்க்கான பள்ளிக்கு மேற்பார்வையாளரானார். ஒருநாள் காலை குதிரைமீது செல்கையில், நாட்டுப் பள்ளிக்கூடமொன்றில் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் படிக்கக் கண்டார். அவ்வாறே செய்யுமாறு தம் ஆசிரியரிடம் சொன்னார், நடக்கவில்லை. எட்டு வயதளவினனான யோன் பிறிஸ்கன் என்ற மாணவனிடம் கீழ்வகுப்பை ஒப்படைத்தார்; அவன் செய்து காட்டினான். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் இம்முறையைப் பெல் 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்ற பெயரோடு அது அங்கே பரவிற்று. அதே காலத்தில் யோசப் லங்காஸ்ரர் என்பவரும் இதையொத்த பள்ளியொன்றை நடத்தினார். இருவருள் முந்தியவர் யாரென்று அந்நாட்டிலே பெரிய வழக்கு நடந்தது. நம்மூர்ச் சட்டாம்பிள்ளையை மட்டும் எவரும் சாட்சிக்கு அழைக்கவில்லை!

மனனம் வீணென்பார் இளைஞர். மனனமே கல்வியென்பார் முதியோர். இவ்வழக்கைத் தீர்க்க உளநூலாரைக் கேட்போம்.

ஜெர்மனியரான எபிங்ஹோஸ் 1885இல் தம் ஞாபகத்தையே சோதித்து ஒரு நூல் எழுதினார். பொருளற்ற அசைகளை நெட்டுருச் செய்து, எத்தனை மறந்தன என்று கணக்கிட்டார். ஒரே நாளில் 68 தரம் படித்ததற்கு நிகரான பயன், மூன்று நாட்களிற் பகிர்ந்து 38 தரம் படித்தபோதே கிடைத்தது. பரீட்சைக்கு முதல்நாள் இரவு விளக்கெரிப்போர் இக்கணக்கை நோக்குக. பழம்பாடத்தை நாள்தோறும் ஒப்புவிக்கச் செய்த திண்ணை வாத்தியார் அறிந்தோ அறியாமலோ இதையே செய்தார். ஒப்புவித்தலிலும் ஒரு நன்மையுண்டு. மீண்டும் மீண்டும் படித்தவரைவிட, ஏட்டை மூடிவைத்து நினைவுகூர்ந்தவரே ஒரு வாரத்தின் பின் மிகுதியாக ஞாபகம் வைத்திருந்தனர் என்று 2006இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ரோடிகரும் கார்ப்பிக்கும் காட்டினர்.

சட்டாம்பிள்ளைக்கும் சான்று கிடைத்தது. குழந்தை தனியே செய்யமாட்டாததைத் தன்னிலும் சற்று வல்லவர் துணையோடு செய்யும்; அந்த இடைவெளியிலேதான் கல்வி நிகழ்கிறது என்றார் 1934இல் இளவயதிலேயே மறைந்த ருஷ்ய அறிஞர் விகொட்ஸ்கி.

ஆனால் பிரம்புக்குச் சான்று கிடைக்கவில்லை. 1898இல் பூனைகளைக் கூண்டிலிட்டு ஆராய்ந்த அமெரிக்கர் தோண்டைக், பரிசு பழக்கத்தை வலுப்படுத்தும் அளவுக்குத் தண்டனை அதனை அகற்றாதென்று பின்னாளிற் கண்டார். திண்ணை வாத்தியார் இங்கே தோற்றார். வேறோரிடத்திலும் தோற்றார், அது பொருளுணர்ச்சி. தெனரீப் தீவிலே கோலர் வளர்த்த சுல்தான் என்னும் சிம்பன்சி, எட்டாத வாழைப்பழத்திற்காகப் பலவாறு முயன்று தோற்றது. பின்னர் இரு மூங்கிற் குச்சிகளை ஒன்றினுள் ஒன்று செருகி நீளமாக்கிப் பழத்தை இழுத்தது. அதனை எவரும் நெட்டுருச் செய்விக்கவில்லை. நிலைமை முழுவதும் ஒருங்கே விளங்குவதே கற்றல் என்பது கோலர் கட்சி.

இக்குறையை நம் நாட்டில் உணர்ந்து செயற்பட்டவர் ஆறுமுக நாவலர். 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப் பள்ளிக்கூடம் நிறுவினார். செய்யுளை உருப்போட்டே பழகிய பிள்ளைகளுக்கு எளிய வசனநடையில் படிப்படியாக உயரும் பாலபாடங்களை எழுதினார். 1872இல் நமது திருக்கேதீச்சரத்தைப் புதுக்கவேண்டுமென்று குரலெழுப்பியவரும் அவரே. ஆனால் அவர் மனனத்தை விலக்கினாரல்லர், பொருளையும் உடன்வைத்தார். வழக்கின் தீர்ப்பு அவர் பக்கமே என்பது என் துணிபு.

ஏட்டுக்கு அப்பாலும் கல்வியுண்டு. லைபீரியா நாட்டுத் தையற்காரரிடம் தொழில் பழகுவோரை ஜீன் லேவ் என்னும் அமெரிக்க அம்மையார் ஆராய்ந்தார். அங்கே துணி வெட்டுவது கடைசிப் பாடம். பொத்தான் தைப்பது போன்ற முடிவுவேலைகளே முதற்பாடம். பிழைத்தாலும் துணி கெடாது. முழுச் சட்டை எப்படியிருக்குமென்பதும் முதலிலேயே தெரிந்துவிடும். நம் கரையில் வலை பொத்துவோர் பக்கத்திலே குந்தியிருக்கும் சிறுவனுக்கும் முதலிற் கிடைப்பது நூல் சுற்றிக் கொடுக்கும் வேலைதான்.