வெறி என்று பெயர் வைத்தோம்

1994 சித்திரையில் எங்கள் தெரு ஆட்கள் சேர்ந்து ஒரு நாயை அடித்துக் கொன்றார்கள். எங்கள் வீட்டு நாய்தான். மணி என்று பெயர். சேரன்மகாதேவிப் பக்கம், கன்னடியன் கால்வாய்க் கரையில் வீடு. எனக்கு அப்போது எட்டு வயது.

ஒரு மாதத்துக்கு மேலாகவே அதற்குச் சீக்கு. முதலில் கண்ணில் பீளை, மூக்கில் சளி, இருமல். பிறகு தின்ன மறுத்தது. உள்ளங்கால் சிரட்டை மாதிரி கெட்டியாகிவிட்டது. கடைசியில் பின்னங்கால் ஒன்று தானாக வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தது. தூங்கும்போதும் அந்தக் கால் மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். ஒருநாள் காலையில் வாயில் நுரை வைத்துக் கீழே விழுந்து தாடையை அடித்துக்கொண்டது. தூக்கப்போன என் கையில் பல் பட்டுவிட்டது.

"வெறி புடிச்சிட்டுடே, தள்ளி நில்லுல" என்று எதிர்வீட்டு மாமா கத்தினார். அவ்வளவுதான். உலக்கை, கம்பு, மண்வெட்டி எல்லாம் வந்துவிட்டன. தாத்தா திண்ணையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். மறுநாளிலிருந்து எனக்கு அரசு ஆஸ்பத்திரியில் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி.

பல வருடம் கழித்து, கால்நடை மருத்துவம் படித்த நண்பனிடம் இதைச் சொன்னேன். அவன் கேட்ட முதல் கேள்வி: "தூக்கத்துலயும் கால் வெட்டிச்சா?" ஆமாம் என்றேன். "எத்தன நாளு சீக்கு?" ஒரு மாதத்துக்கு மேல். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வெறிநோய் வந்த நாய் பொதுவா பத்து நாளு தாண்டாது மக்கா. நீ சொல்லுதது டிஸ்டெம்பர் மாதிரில்லா இருக்கு. ஆனா பாக்காம அடிச்சுச் சொல்ல முடியாது" என்றான்.

டிஸ்டெம்பர் மனிதனுக்குத் தொற்றாது. நாய்க்கு நாய் பரவும். தும்மலில், சளியில், ஒரே தண்ணீர்த் தொட்டியில் வாய் வைப்பதில். தட்டம்மைக் கிருமிக்கும் மாடுகளைக் கொன்ற வெக்கை நோய்க் கிருமிக்கும் பங்காளி. அந்தச் சித்திரையில் எங்கள் தெருவில் மணியோடு சேர்த்து நான்கைந்து நாய்கள் போயின என்று ஆச்சி சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படியானால் அது ஒரு கொள்ளைநோய். எங்களுக்கு அது 'வெறிநாய்த் தொல்லை'.

*

நாய்களின் நோய்க்கு வரலாறு தேடப் போனால் முதலில் கண்ணில் படுவது ஒன்றுதான். நாய் மனிதனைக் கடித்தால் மட்டுமே காகிதத்தில் ஏறுகிறது.

மாட்டுக்கு அந்தக் குறை இல்லை. மாடு உழுதது, வண்டி இழுத்தது, வரி கட்ட உதவியது. மெட்ராஸ் மாகாணத்தில் 1866லேயே கால்நடை நோய்களுக்கென்று ஒரு சட்டம் வந்துவிட்டது. அப்போதிலிருந்து ஊர்வாரியாக வெக்கை, கோமாரி என்று கணக்கெடுப்பு. 2011இல் வெக்கை நோயை உலகத்திலிருந்தே ஒழித்துவிட்டோம் என்று அறிவித்தார்கள். அதன் பங்காளியான டிஸ்டெம்பரைப் பற்றி அந்தக் கோப்புகளுக்கு அக்கறை கிடையாது.

நாய்க்கடிக்கு வேறு கதை. 1885 ஜூலையில் பாரிஸில் லூயி பாஸ்டர், ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்கு முதன்முதலாக வெறிநோய்த் தடுப்பூசி போட்டார். இந்தியாவில் அதற்கான நிலையம் 1900இல் சிம்லாவுக்குப் பக்கத்தில் கசௌலியில் தொடங்கியது. திருநெல்வேலிக்காரனை நாய் கடித்தால் அவன் 2,500 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஊமத்தை இலையும் பத்தியமும் மந்திரிப்பும் அன்று மூடநம்பிக்கை மட்டும் அல்ல, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது அது ஒன்றுதான் என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

1902இல் லில்லி பேக்கன்ஹாம்-வால்ஷ் என்ற ஆங்கிலேயப் பெண் தென்னிந்தியாவில் வெறிநோயால் இறந்தார். அடுத்து ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தர் வைஸ்ராய் கர்ஸனிடம் கொடுத்த பெருந்தொகையில் ஒரு பங்கு தெற்கே வந்தது. 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறந்தது. இந்த வரிசையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கடிபட்டுச் செத்த ஊர்க்காரர்களின் எண்ணிக்கை கட்டாத கட்டடத்தை ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் சாவு கட்டியது. கசப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டடம் பிழைக்க வைத்ததில் நம் ஆட்கள்தான் அதிகம் என்பதும் உண்மை.

குன்னூர் என்றால் திருநெல்வேலியிலிருந்து மதுரை, திருச்சி, ஈரோடு, மேட்டுப்பாளையம், அப்புறம் 1899இல் வந்த மலை ரயில். கடிபட்டவர் அங்கேயே தங்கி நாளுக்கொரு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அறுப்பு நாளில் ஒரு கூலிக்காரன் அத்தனை நாள் எப்படிப் போவான்? இந்தப் பயணத்தை ஒழித்தவர் கசௌலியில் இருந்த டேவிட் செம்பிள். ஆட்டு மூளையில் வளர்த்த கிருமியைக் கார்பாலிக் அமிலத்தால் கொன்று 1911இல் ஒரு மருந்து செய்தார். உயிரில்லாத கிருமி என்பதால் சீசாவில் அடைத்து அனுப்பலாம். ஆள் மருந்தைத் தேடிப் போனது மாறி, மருந்து ஆளைத் தேடி வந்தது. மாவட்ட ஆஸ்பத்திரிகளில் போட ஆரம்பித்தார்கள். தொப்புளைச் சுற்றிய ஊசி இதுதான். சிலருக்கு இதனாலேயே பக்கவாதம் வந்ததும் உண்டு. அப்படியிருந்தும் 2004 கடைசி வரை இந்தியாவில் இதைத்தான் போட்டார்கள். என் வயிற்றில் இறங்கியதும் செம்பிளின் ஆட்டு மூளைதான்.

இதில் மனதை விட்டு அகலாத விஷயம் ஒன்று உண்டு. 1903இல் அடெல்கி நெக்ரி என்ற இத்தாலியர், வெறிநோயில் செத்த மிருகத்தின் மூளைச் செல்களுக்குள் சில துகள்கள் தெரிவதைக் கண்டுபிடித்தார். அதன்பின், கடித்த நாய்க்கு வெறிதானா என்று அறிய அதன் மூளை தேவைப்பட்டது. கிளிசரினில் போட்டு அனுப்பலாம். நம் தெருக்காரர்கள் முதல் அடியை எங்கே போட்டார்கள்? தலையில். மணிக்கு என்ன நோய் என்று கண்டுபிடிக்க இருந்த ஒரே வழியை அந்த முதல் உலக்கையே சிதைத்துவிட்டது.

*

டிஸ்டெம்பர் ஐரோப்பாவைக் கலக்கியது 1760களில். தென் அமெரிக்காவிலிருந்து ஸ்பெயின் வழியாக வந்தது, அங்கே மனிதர்களின் தட்டம்மையே நாய்க்குத் தாவியிருக்கலாம் என்று ஒரு கருத்து உண்டு. அம்மைக்குத் தடுப்பு தந்த எட்வர்ட் ஜென்னர் 1809இல் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். 1905இல் ஆன்ரி காரே இது வடிகட்டியில் தப்பும் கிருமி என்று காட்டினார். இங்கிலாந்தில் தடுப்பூசி ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டியது 'தி ஃபீல்ட்' என்ற வேட்டைப் பத்திரிகை. துரைமார்களின் நரி வேட்டை நாய்கள் செத்துக்கொண்டிருந்ததுதான் காரணம். லெய்ட்லாவும் டங்கினும் 1920களில் சிறு பிராணியான ஃபெரட்டை வைத்து அந்த வேலையைச் செய்தார்கள். அந்தப் பழக்கமே 1933இல் மனித இன்ஃப்ளூயன்சா கிருமியைக் கண்டுபிடிக்கவும் உதவியது. அதே வேட்டை நாய்கள் கப்பலேறி ஊட்டிக்கும் வந்தன. அவற்றோடு வேறு என்னென்ன வந்திருக்கும் என்பதை உங்கள் ஊகத்துக்கு விடுகிறேன்.

மணி செத்த அதே 1994இல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் சிங்கங்கள் கால் வெட்டி விழுந்து செத்தன. ஏறக்குறைய ஆயிரம். அங்கிருந்ததில் மூன்றில் ஒரு பங்கு. சுற்றுக் கிராமத்து நாய்களிடமிருந்து போன டிஸ்டெம்பர். 2018 செப்டம்பரில் குஜராத்தின் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் சாக, அவற்றிடமும் அதே கிருமி. அப்போதுதான் நம் பத்திரிகைகளில் 'டிஸ்டெம்பர்' என்ற சொல்லைப் பலர் முதன்முதலாகப் படித்தார்கள். சிங்கம் செத்தால்தான் நாய் நோய்க்குப் பெயர் கிடைக்கிறது.

பாபநாசத்துக்கு மேலே களக்காடு முண்டந்துறை. அங்கே செந்நாய் உண்டு. செந்நாயைப் பற்றி இந்தியாவில் முதலில் முறையாக ஆராய்ந்த ஏ.ஜே.டி. ஜான்சிங் நம்ம நாங்குநேரிக்காரர். 1970களில் பந்திப்பூரில் கூட்டத்தின் பின்னாலேயே நடந்து எழுதினார். 2024இல் காலமானார். செந்நாய்க் கூட்டம் ஒரே குடும்பம், ஒன்றையொன்று நக்கும், ஒரே இரையில் வாய் வைக்கும். ஒன்றுக்கு வந்தால் எல்லாவற்றுக்கும் வரும். பிலிகிரிரங்கன் மலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஆர்.சி. மோரிஸ், செந்நாய்களிடையே வெறிநோய் பரவியதை 1942இல் எழுதி வைத்தார். காரையார் பக்கம் அடிவார ஊர்களின் நாய்கள் காட்டுக்குள் போய் வருவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். தடுப்பூசி போடாத ஒரு ஊர் நாய் போதும்.

*

மூன்றாவது நோய்க்கு வயதே அதிகமில்லை. பார்வோ. 1978க்கு முன்னால் உலகத்தில் எந்த நாய்க்கும் அது கண்டறியப்படவில்லை. பூனைகளின் கிருமிக்கு நெருங்கிய உறவு. ரெண்டே வருடத்தில் உலகத்தைச் சுற்றி வந்தது. 1980களின் தொடக்கத்திலேயே சென்னையில் கண்டுபிடித்தார்கள்.

கயத்தாறு பக்கம் எங்கள் பெரியப்பா கன்னி நாய் வளர்க்கிறார். கருப்பு உடம்பு, கண்ணுக்கு மேலே செம்புள்ளி, முயல் விரட்டப் பிறந்த கால். அதன் சகோதரமான சிப்பிப்பாறைக்குப் பெயர் கொடுத்த சிப்பிப்பாறை ஊரும் அருகேதான். 1910இல் ராமநாதபுரம் மாவட்டத்தைப் பிரிக்கும் வரை சாத்தூர்ப் பகுதியெல்லாம் திருநெல்வேலிச் சீமைதான். சில வருடங்களுக்கு முன் அவர் வீட்டில் ஏழு குட்டிகள் ரத்தக்கழிச்சலில் நான்கு நாளில் போய்விட்டன. தொழுவத்தை ஃபினாயில் விட்டுக் கழுவினார். ரெண்டு மாதம் கழித்து வேறொரு ஊரிலிருந்து ஒரு குட்டி வாங்கி வந்து விட்டார். அதுவும் போய்விட்டது. "யாரோ வச்சுட்டாவடே" என்றார்.

யாரும் எதையும் வைக்கவில்லை. பார்வோ மண்ணில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். ஃபினாயிலுக்கு மசியாது. பிளீச்சிங் பவுடர் கரைசலுக்குத்தான் சாகும். தாய்ப்பாலில் வந்த காப்பு தீர்ந்து, ஊசியின் காப்பு வராத அந்த இடைவெளியில் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் குட்டிக்கு ஒரே ஊசி போதாது, ஆறு எட்டு வாரத்தில் தொடங்கித் திரும்பத் திரும்பப் போட வேண்டும். அந்த ஒரே ஊசியில் டிஸ்டெம்பருக்கும் மருந்து சேர்ந்திருக்கும். 2012இல் ராமையன்பட்டியில் கால்நடைக் கல்லூரி வந்த பிறகு எங்கள் ஆட்கள் நாயைத் தூக்கிக்கொண்டு போக ஓர் இடம் இருக்கிறது.

போன தையில் பெரியப்பாவின் புதுக் குட்டியை மடியில் வைத்து நான்தான் கூட்டிப்போனேன். வரிசையில் உட்கார்ந்திருந்தபோது கேட்டார்.

"மொத்தம் எத்தன ஊசிடே?"

"மூணு, பெரியப்பா. அப்புறம் வெறிநோய்க்குத் தனியா ஒண்ணு."

குட்டியின் வயிற்றைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தார். "தொப்புளச் சுத்தியா?"