ஊட்டச்சத்தியல் பட்டப்படிப்பு: கல்விக் கடன் எவ்வளவு, வருமானம் எவ்வளவு?

புதுதில்லி: மருத்துவமனைகள், உடற்பயிற்சிக் கூடங்கள், உணவு நிறுவனங்கள் எனப் பல இடங்களில் உணவியல் நிபுணர்களுக்குத் தேவை உருவாகியுள்ள நிலையில், பிளஸ் 2 முடித்த மாணவர்கள் பலர் ஊட்டச்சத்தியல் பட்டப்படிப்பில் ஆர்வம் காட்டுகின்றனர். இதற்காகக் கல்விக் கடன் பெறுவோர், இளநிலைப் பட்டம் மட்டுமே இத்துறையில் போதுமானதா என்பதை முதலில் அறிந்துகொள்வது அவசியம்.

ரயில்வே துறையின் 2024-ஆம் ஆண்டு துணை மருத்துவப் பணியிட அறிவிப்பு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அதில் உணவியல் நிபுணர் பணிக்கான தொடக்க அடிப்படை ஊதியம் மாதம் ரூ.44,900. இது மேற்பார்வைச் செவிலியர் பணிக்கு நிகரான ஊதிய நிலை. ஆனால், மொத்தம் 1,376 இடங்களில் உணவியல் நிபுணருக்கு ஒதுக்கப்பட்டவை 5 மட்டுமே. செவிலியர் மேற்பார்வையாளர் பணிக்கு 713 இடங்கள் இருந்தன. தவிர, அறிவியல் பட்டத்துடன் உணவியலில் முதுநிலைப் பட்டயமும் மருத்துவமனைப் பயிற்சியும், அல்லது உணவு மற்றும் ஊட்டச்சத்துப் பாடத்தில் முதுநிலைப் பட்டமும் கேட்கப்பட்டன. மூன்றாண்டுப் பட்டத்துடன் நிறுத்திக்கொண்டவர் விண்ணப்பிக்கவே இயலாது.

இந்திய உணவியல் சங்கம் வழங்கும் 'பதிவு பெற்ற உணவியல் நிபுணர்' தகுதிக்கும் முதுநிலைப் படிப்பு, ஆறு மாத மருத்துவமனைப் பயிற்சி, தேர்வு ஆகியவை தேவை. பெரிய மருத்துவமனைகள் இத்தகுதிக்கு முன்னுரிமை தருகின்றன. எனவே, கடனைக் கணக்கிடும்போது மூன்று ஆண்டுகளுக்கு அல்ல, ஐந்து ஆண்டுகளுக்கும் அதன் பின்னரான பயிற்சிக் காலத்துக்கும் சேர்த்தே கணக்கிட வேண்டும். பயிற்சியின்போது உதவித்தொகை கிடைக்குமா என்பதையும் முன்கூட்டியே விசாரிப்பது நல்லது.

தவணைக் கணக்கு

மூன்றாண்டுப் படிப்புக்கு ஒருவர் ரூ.4 லட்சத்தை ஆண்டுதோறும் சம பங்குகளாக, 9.5 சதவீத வட்டியில் பெறுகிறார் எனக் கொள்வோம். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி, படிப்புக் காலமும் கூடுதலாக ஓராண்டும் தவணை செலுத்தத் தேவையில்லை. ஆனால் இந்த நான்கு ஆண்டுகளிலும் தனிவட்டி சேர்ந்துகொண்டே இருக்கும். அது மட்டும் ரூ.1.14 லட்சம் ஆகிறது. தவணை தொடங்கும் நாளில் கடன் ரூ.5.14 லட்சமாக நிற்கும்.

இதைப் பத்து ஆண்டுகளில் அடைத்தால் மாதத் தவணை சுமார் ரூ.6,650, மொத்தம் செலுத்துவது ஏறக்குறைய ரூ.8 லட்சம், அதாவது வாங்கியதைப் போல் இரு மடங்கு. பதினைந்து ஆண்டுகளாக நீட்டித்தால் தவணை சுமார் ரூ.5,370 ஆகக் குறையும். மொத்தத் தொகையோ ரூ.9.66 லட்சத்தை எட்டும். தனியார் மருத்துவமனையில் மாதம் ரூ.20 ஆயிரம் கையில் பெறும் ஒருவருக்கு, பத்தாண்டுத் தவணை என்பது சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. பெருநகரில் வாடகையும் கொடுத்துவிட்டு இதைச் சமாளிப்பது கடினம்.

முதுநிலைப் படிப்புக்கு உடனே சென்றால், அந்த இரண்டு ஆண்டுகளில் பழைய கடனுக்கு மட்டும் ஆண்டுக்கு ரூ.38 ஆயிரம் வட்டி கூடும். படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டும் செலுத்திவர முடிந்தால், மேற்கண்ட பத்தாண்டுக் கணக்கில் சுமார் ரூ.63 ஆயிரம் மிச்சமாகும்.

சலுகைகள்

ரூ.7.5 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கப்படுவதில்லை. ஆண்டு வருமானம் ரூ.4.5 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பத்தினருக்கு, தொழில்முறைப் படிப்பாக இருந்தால், தவணை விலக்குக் காலத்துக்கான முழு வட்டியையும் மத்திய அரசு ஏற்கிறது. குறிப்பிட்ட கல்லூரியின் ஊட்டச்சத்தியல் படிப்பு இந்த வரையறைக்குள் வருகிறதா என்பதை வங்கியில் உறுதிசெய்த பின்னரே சேர வேண்டும். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமரின் வித்யாலட்சுமி திட்டத்தில், தெரிவு செய்யப்பட்ட உயர்கல்வி நிறுவனங்களில் பயிலும், ரூ.8 லட்சம் வரை குடும்ப வருமானம் உள்ள மாணவர்களுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு.

வருமான வரிச் சட்டத்தின் 80இ பிரிவு பற்றி வங்கிகள் அதிகம் பேசுகின்றன. எட்டு ஆண்டுகள் வரை செலுத்தும் வட்டிக்கு விலக்கு தரும் இப்பிரிவு பழைய வரி முறைக்கு மட்டுமே பொருந்தும். மாதம் ரூ.20 ஆயிரம் பெறுபவர் வரி வரம்புக்குள்ளேயே வருவதில்லை என்பதால், அவருக்கு இதனால் பயன் எதுவும் இல்லை.

அரசுக் கல்லூரிகளில் கல்விக் கட்டணம் குறைவு. விடுதி, உணவுச் செலவே பெரும்பகுதி. ஆகவே, சொந்த ஊருக்கு அருகில் படித்தால் கடன் வெகுவாகக் குறையும். தில்லி லேடி இர்வின் கல்லூரி, பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகம் போன்றவை இப்பாடத்தில் நெடுங்கால அனுபவம் உள்ளவை. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் முதுநிலைப் படிப்பை நடத்துகிறது.

செலவு குறைந்த மற்றொரு வழியான தொலைநிலைக் கல்வி தற்போது அடைபட்டுவிட்டது. 2021-ஆம் ஆண்டின் தேசிய துணை மருத்துவம் மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம், உணவியல் நிபுணர்களையும் ஊட்டச்சத்து நிபுணர்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. இதன் தொடர்ச்சியாக, இச்சட்டத்தின் கீழ் வரும் ஊட்டச்சத்தியல் படிப்புகளைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்த, 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் பல்கலைக்கழக மானியக் குழு தடை விதித்தது. சுகாதாரத் தொழில் வல்லுநருக்கான பட்டப்படிப்பு குறைந்தது 3,600 மணி நேரம் கொண்டதாக இருக்க வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. பழைய பாடத்திட்டத்தையே தொடரும் கல்லூரியில் கடன் வாங்கிச் சேருமுன், அந்தப் பட்டம் ஆணையத்தின் பதிவேட்டில் இடம்பெறத் தகுதியுள்ளதா என எழுத்துமூலம் கேட்டுப் பெறலாம்.