காயலான் கடைக்குப் போன பெட்டி



போன வாரம் உத்திரமேரூர் பஜாரில் என் பழைய மாணவர் ஒருவரின் ரிப்பேர் கடையில் உட்கார்ந்திருந்தேன். சென்னை ரிச்சி தெருவிலிருந்து பழைய மல்டிமீட்டர் ஒன்றை மலிவாக வாங்கி வந்திருந்தார். பின்மூடியைத் திறந்ததும் உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்துக் கிடந்தது. பேட்டரி கசிந்து கம்பியைத் தின்றிருந்தது. வெறும் விரலால் அதைச் சுரண்டி, வாயால் ஊதவும் போனார். "ஊதாதேப்பா" என்று கையைப் பிடித்தேன். "பேட்டரி பொடிதானே சார், என்ன ஆயிடப்போவுது?" என்று சிரித்தார்.

உள்ளே இருப்பது என்னவென்று தெரிந்ததால் அவரால் சிரிக்க முடிந்தது. தெரியாமல் திறந்தவர்களின் கதை ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. பலர் மறந்துவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

டெல்லி பல்கலைக்கழக வேதியியல் துறையில் காமாசெல் 220 என்றொரு கருவி இருந்தது. கனடாவில் செய்தது. 1970-ஐ ஒட்டி வாங்கியது. அதன் நடுவில் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள். வேதிப்பொருள்கள் மீது காமாக் கதிரைச் செலுத்தி ஆராய்வதற்கான கருவி அது. கதிர் வெளியே வராதபடி சுற்றிலும் கனத்த ஈயக் கவசம். 1985-க்குப் பிறகு அதை யாரும் பயன்படுத்தவில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் ஒரு மூலையில் கிடந்தது.

2010 பிப்ரவரியில், இடத்தை அடைக்கும் பழைய சாமான்களோடு சேர்த்து அதையும் ஏலம் விட்டார்கள். மேற்கு டெல்லியில் மாயாபுரி என்ற இடம், பழைய இரும்பு வியாபாரத்துக்குப் பேர்போனது. அங்குள்ள ஒரு வியாபாரி எடுத்தார். காயலான் கடையில் ஈயத்துக்கு நல்ல விலை. தொழிலாளர்கள் கவசத்தைப் பிரித்தார்கள். உள்ளே இருந்த கோபால்ட் குச்சிகளும் வெட்டுப்பட்டன. பார்வைக்கு அவை வெறும் உலோகத் துண்டுகள். மணமில்லை, புகையில்லை. ஒரு வியாபாரி ஒரு துண்டைத் தன் பணப்பையிலேயே வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் ஒவ்வொருவராக மருத்துவமனைக்குப் போனார்கள். தோல் கருத்தது, முடி கொட்டியது. மருத்துவர்களுக்குச் சந்தேகம் வந்த பிறகுதான் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தினரும் பாபா அணு ஆராய்ச்சி மையத்தினரும் வந்து, கடை கடையாகத் தேடித் துண்டுகளை மீட்டார்கள். ஏப்ரல் 26 அன்று ஒரு தொழிலாளி இறந்தார். மேலும் ஏழு பேர் பாதிக்கப்பட்டனர். அணு விபத்துகளை அளக்கும் ஏழு படிகள் கொண்ட பன்னாட்டு அளவுகோலில் இது நான்காம் படி.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கோபால்ட்-60-ன் வீரியம் ஏறக்குறைய ஐந்தேகால் ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். நாற்பது ஆண்டுகளில் ஏழு முறைக்கு மேல் பாதியாகியிருக்கும். 128 ரூபாய் இருந்த இடத்தில் ஒரு ரூபாய்கூட முழுதாக மிச்சமில்லை. அந்த மிச்சத்துக்கே ஓர் உயிர் போயிற்று.

இது முதல் பாடமும் அல்ல. 1987 செப்டம்பரில் பிரேசில் நாட்டு கோயானியா நகரில், கைவிடப்பட்ட மருத்துவமனைக் கட்டடத்திலிருந்து இரண்டு பேர் ஒரு புற்றுநோய்ச் சிகிச்சைக் கருவியின் பாகத்தை எடுத்துக் காயலான் கடைக்குப் போட்டார்கள். உள்ளே சீசியம்-137 பொடி. இருட்டில் நீலமாக ஒளிர்ந்ததால் வீடு வீடாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஆறு வயதுச் சிறுமி உட்பட நான்கு பேர் இறந்தனர். 1,12,000 பேருக்கு மேல் பரிசோதிக்க வேண்டியிருந்தது.

மஞ்சளில் மூன்று இதழ் போட்ட கதிரியக்கச் சின்னம் படித்தவர்களுக்குத்தான் புரியும். மற்றவர் கண்ணுக்கு அது மின்விசிறி. அதனால்தான் 2007-ல் மண்டையோடும், ஓடும் மனிதனும் கொண்ட சிவப்புச் சின்னம் ஒன்றைக் கூடுதலாகக் கொண்டுவந்தார்கள்.

நம் மாநிலம் மட்டும் விதிவிலக்கா? 2001-ல் கொடைக்கானல் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு காயலான் கடையில், வெப்பமானித் தொழிற்சாலையிலிருந்து வந்த பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் கிடந்ததை மக்கள் வெளிக்கொண்டு வந்தார்கள். ஆலை மூடப்பட்டது.

அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தை இத்தனை ஆண்டுகளாக யாரிடமும் சொன்னதில்லை. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, நான் வேலை பார்த்த பள்ளியில் கழிவுப் பொருள் ஏலம் நடந்தது. பட்டியல் எழுதியது நான். "பழைய அறிவியல் கருவிகள், மூட்டை 1" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த மூட்டையில் உடைந்த வெப்பமானிகள் ஏழெட்டும், பாதரசக் காற்றழுத்தமானி ஒன்றும் இருந்தன. பாதரசம் என்ற ஒரு சொல்லை நான் எழுதவில்லை. வாங்கிப் போனவர் மூன்று சக்கர வண்டிக்காரர். அவர் மகள் நான்காம் வகுப்பில் என்னிடம் படித்துக்கொண்டிருந்தாள். மூட்டையை அவர் வீட்டுத் திண்ணையில்தான் பிரித்திருப்பார். அந்தக் குடும்பம் பிறகு ஊர் மாறிப் போய்விட்டது.

எங்கள் ஊர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கி.பி. 919, 921. குடவோலை முறை என்று பிள்ளைகளுக்குப் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தேன். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வாரியத்துக்கு வரக்கூடாது, அவர் உறவினரும் வரக்கூடாது என்ற விதி அதில் உண்டு. இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்ட நானே, ஒரு மூட்டைக்குச் சரியாகக் கணக்குக் காட்டவில்லை.

மாயாபுரியில் நடந்ததும் அதுதான். கருவிக்குள் என்ன இருக்கிறது என்பது வாங்கியவர்களுக்குத் தெரியும். கால் நூற்றாண்டில் அந்த நினைவு அறுந்துபோனது. கடைசியில் ஏலம் விட்டவர் மேசையில் இருந்தது வெறும் எடைச் சீட்டு. சுத்தியல் பிடித்தவருக்கு அதுவும் கிடைக்கவில்லை.

இப்போது பணியில் இருக்கும் ஆசிரியத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். இருப்புப் பதிவேட்டில் கருவியின் பெயரோடு, அதன் உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். ஏலப் பட்டியலில் அது இடம்பெறட்டும். பாதரசம் உள்ளதைத் தனியே மூடி வையுங்கள், மூட்டையில் போடாதீர்கள். ரிப்பேர் வேலை பார்க்கும் தம்பிகளே, பழைய பெட்டியைத் திறந்தால் ஊதாதீர்கள், கையுறை போடுங்கள். மூன்று இதழ்ச் சின்னமோ, காரணம் தெரியாத கனமோ இருந்தால் திறக்காமல் விலகி நின்று காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

என் மாணவர் மறுநாளே ஒரு ஜோடி கையுறை வாங்கிவிட்டார். போட்டோ அனுப்பியிருந்தார். மகிழ்ச்சி.