1953ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டமும் நம் தமிழ் வாத்தியார்களும்



"மலாயாவுக்கு இந்தியர்கள் வருவது எப்போது நின்றது?" என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். சிலர் 1938 என்பார்கள். சிலர் 1957 என்பார்கள். இரண்டுமே சரியான பதில் இல்லை. 1938இல் இந்திய அரசாங்கம் தடுத்தது, உதவிபெற்றுத் தோட்ட வேலைக்கு வரும் உடலுழைப்புத் தொழிலாளரை. கிராணியார், கடைக்காரர், வாத்தியார் ஆகியோர் சொந்தச் செலவில் கப்பலேறி வரலாம். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஏறி, பினாங்கில் இறங்கினால் போதும். இவர்களுக்கும் கதவு அடைபட்ட நாள் 1953 ஆகஸ்ட் 1.

அதற்கு முன் சட்டமே இல்லையா என்றால், இருந்தது. 1933இல் வந்த அந்நியர் சட்டம் சீன ஆண்களுக்கு மாதாந்திரக் கோட்டா வைத்தது. நம்மவர்களை அது தொடவில்லை. காரணம் ரொம்பச் சுலபம்: இந்தியாவும் அப்போது ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது, ஆகவே தமிழர் 'அந்நியர்' இல்லை, பிரிட்டிஷ் பிரஜைகள். (சீனப் பெண்களுக்கும் 1938 வரை கோட்டா கிடையாது. சிங்கப்பூரில் கட்டடம் கட்டிய சம்சூய் பெண்கள் அந்தக் காலத்தில் அவ்வளவு பேர் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.)

இப்போது தோட்டத்துப் பள்ளிக்கு வருவோம். 1923 தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைத்தாக வேண்டும். சட்டம் பள்ளியைக் கேட்டது. படித்த வாத்தியார் எங்கிருந்து வருவார் என்று அது கவலைப்படவில்லை. கங்காணி சொல்லிக்கொடுத்த பள்ளி உண்டு. கிராணியார் வேலை முடித்துவந்து சொல்லிக்கொடுத்த பள்ளியும் உண்டு. கொஞ்சம் நன்றாக நடந்த பள்ளிகளில் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வந்த ஒருவர் இருந்திருப்பார். பாடப்புத்தகமும் அதே கப்பலில்தான் வந்தது. பிள்ளைகள் காவிரியைப் படித்தார்கள், பேராக் ஆற்றைப் படிக்கவில்லை.

1953 சட்டம் இந்த வழியைத்தான் அடைத்தது. இந்த முறை சீனர், இந்தியர், இலங்கையர் என்ற பாகுபாடு இல்லை. நாட்டுக்குத் தேவையான திறமை உள்ளவர், அந்தத் திறமை உள்ளூரில் கிடைக்காதபோது மட்டும் வரலாம். தொழில் வணிகத்துக்குப் பயன்படுகிறவர் வரலாம். இங்கே இருப்பவரின் மனைவி மக்கள் வரலாம். 1959 திருத்தத்தில் இந்தக் கடைசிப் பிரிவுக்கும் வரம்புகள் கூடின.

இந்தச் சட்டத்தைத் தேடிப் படித்தீர்கள் என்றால், 'தமிழ்ப்பள்ளி' என்ற சொல்லைப் பார்க்க மாட்டீர்கள். ஆனால் தோட்டத்தில் ஒரு வாத்தியார் ஓய்வுபெற்றால், அடுத்த கப்பலில் இன்னொருவர் வருவார் என்ற நம்பிக்கை அன்றோடு போயிற்று. 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. அத்தனைக்கும் ஆசிரியரை இங்கேயே உருவாக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், தமிழ்வழி இடைநிலைப்பள்ளி கிடையாது. ஆரம்பப்பள்ளியில் தேறிய பிள்ளையே மாணவ ஆசிரியராக நின்று, பயிற்சியும் பெற்று மேலே வரவேண்டியிருந்தது. தமிழ்ப்பள்ளிகளின் தரத்தைப் பற்றி அந்நாளில் எழுந்த குறைகளை எல்லாம் அந்த ஆசிரியர்கள் தலையிலேயே போடுகிறவர்கள், இதையும் கொஞ்சம் யோசிக்கவேண்டும் என்பேன்.

மறுபக்கமும் உண்டுதானே. வந்தவர் போய், பிறந்தவர் ஆசிரியரானார். 1956 ரசாக் அறிக்கை பொதுப் பாடத்திட்டம் கேட்டபோது, மலாயாவைத் தெரிந்த ஆசிரியர் தேவைப்பட்டார். காவிரியோடு பேராக் ஆறும் தமிழில் பாடமானது இப்படித்தான். வாத்தியார் வரும் வழி 1953இல் அடைபட்டதும் பாடத்திட்டம் 1956இல் மாறியதும் தனித்தனிச் செய்திகள் இல்லை. விடைத்தாளில் இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.

சீனப்பள்ளி மாணவர்களுக்கு அடி வேறு திசையில் விழுந்தது. இடைநிலைக்கல்வி அவர்களுக்கு இங்கேயே இருந்தது, மேற்படிப்புக்குத்தான் சீனாவுக்குப் போவார்கள். 1949க்குப் பிறகு கம்யூனிசப் பயத்தில், போனவர்கள் திரும்பி வரமுடியாமல் போயிற்று. பதினெட்டு வயதில் படிப்பா, அம்மா அப்பாவா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன விதி அது. 1953 ஜனவரியில் டான் லார்க் சாய் இங்கேயே ஒரு சீனப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று கேட்டதற்கு இதுவே பெரிய பின்னணி. அவர் 50 லட்சம் வெள்ளி தருவதாகச் சொன்னார். திரிஷா ஓட்டுநர்கள் ஒருநாள் வருமானத்தைக் கொடுத்தார்கள். 1956இல் நன்யாங் பல்கலைக்கழகத்தில் வகுப்பு தொடங்கியது.

நமக்கு அப்படியொரு பல்கலைக்கழகம் அமையவில்லை. ஆனால் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை வந்தது. அதில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டினார். 1961இல் இலங்கையிலிருந்து தனிநாயகம் அடிகள் அத்துறைக்கு வந்தார், 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடும் நடந்தது. பேராசிரியருக்குக் கதவு திறந்தது, தோட்டத்து வாத்தியாருக்குத் திறக்கவில்லை. 'உள்ளூரில் கிடைக்காத திறமை' என்ற விதி நடைமுறையில் எப்படி வேலை செய்தது என்று மாணவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

1969ஐயும் விட்டுவிடாதீர்கள். குடியுரிமை இல்லாத, சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் வேலைக்குப் பெர்மிட் எடுக்கவேண்டும் என்ற 1968 சட்டம் அப்போது நடைமுறைக்கு வந்தது. பல்லாயிரம் இந்தியர்கள் கப்பலேறித் திரும்பினார்கள். 1953இல் வாத்தியார் வரவில்லை. 1969இலோ, வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளே அப்பா அம்மாவோடு போய்விட்டார்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேலை. உங்கள் பள்ளியில் பழைய ஆண்டுமலரோ தலைமையாசிரியர் பட்டியலோ இருக்கும். 1940 முதல் 1975 வரை இருந்தவர்களின் பிறந்த ஊரை மாணவர்களைக் குறித்துவரச் சொல்லுங்கள். தஞ்சாவூர், யாழ்ப்பாணம் என்று இருந்த இடத்தில் சுங்கைப்பட்டாணி, தெலுக் இந்தான் என்று எந்த ஆண்டில் மாறுகிறது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். பட்டியலே இல்லாத பள்ளி என்றால், பக்கத்துத் தோட்டத்தில் இன்னும் இருக்கும் பெரியவர்களைக் கேட்கச் சொல்லுங்கள்.