சுங்க விதிகள் மாறும்போது வணிகர்கள் செய்ய வேண்டியது என்ன? கார்டன் ரீச் காட்டும் பாடம்

கொல்கத்தா: வங்கதேச ஆயத்த ஆடைகளைத் தரைவழியாக இறக்குமதி செய்ய மத்திய அரசு 2025 மே 17-ஆம் தேதி தடை விதித்தது. வெளிநாட்டு வர்த்தக தலைமை இயக்குநரகம் வெளியிட்ட அறிவிக்கையின்படி, கொல்கத்தா, நவசேவா ஆகிய இரு கடல் துறைமுகங்கள் வழியாக மட்டுமே அவற்றைக் கொண்டுவர முடியும்.

பெட்ராபோல் எல்லையில் லாரிகளில் வந்த சரக்கு, இதனால் கப்பலுக்கு மாற வேண்டியதாயிற்று. கொல்கத்தாவில் கன்டெய்னர்களைக் கையாளும் நேதாஜி சுபாஷ் கப்பல்துறை, கார்டன் ரீச் பகுதியில் ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ளது. அருகிலுள்ள மெட்டியாபுரூஸ், ஆயத்த ஆடைத் தையலுக்குப் பெயர்பெற்ற பகுதியாகும்.

அவகாசம் உண்டா?

மாற்றம் அறிவிக்கப்பட்டதும் முதலில் கவனிக்க வேண்டியது, அது நடைமுறைக்கு வரும் நாள். வங்கதேசச் சரக்கு இந்தியா வழியாக மூன்றாம் நாடுகளுக்குச் செல்லும் வசதி 2025 ஏப்ரல் 8-ஆம் தேதி ரத்து செய்யப்பட்டபோது, ஏற்கெனவே இந்தியாவுக்குள் வந்துவிட்ட சரக்கு வெளியேற அனுமதிக்கப்பட்டது. மே மாத அறிவிக்கையோ உடனடியாக நடைமுறைக்கு வந்தது. எனவே ஒப்பந்தத்தில் மாற்றுத் துறைமுகத்தையும், கூடுதல் செலவை ஏற்பவர் யார் என்பதையும் முன்கூட்டியே குறிப்பிடுவது நல்லது.

எந்த நாளின் வரி?

சுங்கச் சட்டத்தின் 15-ஆவது பிரிவின்படி, உள்நாட்டுப் பயன்பாட்டுக்கான இறக்குமதிப் பத்திரம் தாக்கல் செய்யப்படும் நாளின் வரிவிகிதமே பொருந்தும். கப்பல் வருமுன் தாக்கல் செய்தால், கப்பலுக்கு உள்நுழைவு அனுமதி கிடைக்கும் நாளின் விகிதம் பொருந்தும். முன்கூட்டியே தாக்கல் செய்வதால் மட்டும் பழைய வரி உறுதியாகிவிடாது.

தாக்கல் தாமதமானால் முதல் 3 நாள்களுக்கு நாளொன்றுக்கு ரூ.5,000, அதன்பின் நாளொன்றுக்கு ரூ.10,000 கட்டணம் உண்டு.

பிறப்பிடச் சான்று

தெற்காசிய தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தின் கீழ் வரிச்சலுகை கோருவோருக்குப் பிறப்பிடச் சான்றிதழ் மட்டும் போதாது. 2020 செப்டம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, பொருள் எங்கு, எவ்வாறு தயாரிக்கப்பட்டது என்ற விவரங்களையும் இறக்குமதியாளர் வைத்திருக்க வேண்டும். அவற்றைக் குறைந்தது 5 ஆண்டுகள் பாதுகாப்பதும் கட்டாயம்.

ஏற்றுமதியாளர்களுக்கு

மாற்றம் எதிர்த்தரப்பிலிருந்தும் வரலாம். 2025 ஏப்ரலில் இந்திய நூலைத் தரைவழியாக இறக்குமதி செய்வதை வங்கதேசம் நிறுத்தியது. அந்நாட்டுக்கு நூல் அனுப்பும் தமிழக ஆலைகளுக்கும் இது பொருந்தும். ஆகவே, சரக்கு ஆலையை விட்டுப் புறப்படுமுன் இரு நாடுகளின் அறிவிக்கைகளையும் சுங்க முகவரிடம் உறுதிசெய்துகொள்வது அவசியம். எல்லையில் நிற்கும் லாரிக்கு வாடகை நாள்தோறும் ஏறும். அந்தச் சுமை சிறு வணிகரையே முதலில் பாதிக்கும்.